மண்டகப்பட்டுக் கல்லும் இமயத்துப் பனியும்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் மார்க்கத்தில், வயல்களுக்கும் சிறு குன்றுகளுக்கும் நடுவே அமைந்த மண்டகப்பட்டு என்னும் சிற்றூரில், பாறையைக் குடைந்து மூன்று கருவறைகளோடு வகுத்த குகைக்கோயில் ஒன்று இருப்பதும், அதன் தூணில் பல்லவ கிரந்த எழுத்தில் வடமொழிச் சாசனம் ஒன்று பொறிக்கப்பட்டிருப்பதும், அச்சாசனத்தில் தன்னை விசித்திரசித்தன் என்று கூறிக்கொள்பவன் கி.பி. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மனே என்பதும் தமிழகச் சரித்திரத்தில் சிறிது பழக்கமுடையோரும் அறிந்த செய்திகள். செங்கல், மரம், உலோகம், சுதை என்னும் நான்கும் இல்லாமல், பிரமன், ஈசன், திருமால் ஆகிய மூவர்க்கும் இவ்வாலயத்தை எடுத்ததாக அரசன் அதில் அறிவிக்கிறான். மழையில் கரையும் பொருளையும் கரையான் தின்னும் பொருளையும் துருவேறும் பொருளையும் ஒதுக்கிவிட்டுக் கருங்கல்லை அவன் தேர்ந்தது எவ்வளவு தகுதியானது என்பதற்கு, ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகத் தண்டூன்றி நிற்கும் அந்த வாயிற்காவலர் இருவருமே சாட்சி. கருவறைகள் மூன்றும் இன்று வெறுமையாய் இருக்கின்றன. அரசனுடைய விருதுப்பெயர் மாத்திரம் தூணில் நிலைத்துவிட்டது. உளி பிடித்தவர்களின் பெயர் அதில் இல்லை. அக்காலத்து வழக்கம் அது. அரசனைக் குறைகூற நமக்கு நியாயமில்லை. ஆயினும் நான் இங்கே சொல்லப் புகும் சரித்திரத்திலும் பெயர் பெற்றோர் சிலர், பாரம் சுமந்தோர் பலர் ஆகையால், இதை முதலிலேயே குறித்துவைக்கிறேன்.

கல்லை நம்பிய இவ்வரசன் காலத்திலேயே, பனிமலையை நாடி நடந்த ஒருவரும் இந்தப் பிரதேசத்தில் தோன்றினார். பண்ருட்டிக்கு அருகிலுள்ள திருவாமூரில் பிறந்த திருநாவுக்கரசர், இதே மகேந்திரனைச் சமண சமயத்திலிருந்து சைவத்துக்குத் திருப்பியவர் என்பது வழிவழி வந்த கொள்கை. முதிர்ந்த வயதில் கயிலையைக் காண வேண்டும் என்னும் பேராவலோடு வடக்கே சென்ற அவர், கால் தேய்ந்தபின் கையால் தவழ்ந்தும், கை தேய்ந்தபின் மார்பால் உந்தியும், பின்னர்ப் புரண்டும் சென்றதாகவும், இறைவன் முனிவராய்த் தோன்றித் தடுத்து, ஒரு பொய்கையில் மூழ்கச் செய்து திருவையாற்றில் எழச் செய்ததாகவும் சேக்கிழார் வருணிக்கிறார். திருநாவலூர்ச் சுந்தரரோ வெள்ளை யானைமேல் வானவழியே கயிலை புகுந்தவர். அவருக்கு வழியின் தொல்லை யாதும் இல்லை. நடந்து சென்ற நாவுக்கரசரைப் பாதியில் திருப்பி அனுப்பிய அந்தத் திருவருளை நினைக்கும்போது, பிற்காலத்தில் அம்மலைகளில் நிகழ்ந்தவற்றை அறிந்த எனக்கு, அதில் கருணையோடு ஒரு முன்யோசனையும் கலந்திருந்ததாகவே தோன்றுகிறது.

கயிலைக்குத் தெற்கே, மானசரோவரத்தின் கரையை அடுத்து, குர்லா மாந்தாதா என்றொரு சிகரம் உண்டு. 1905ஆம் ஆண்டில் டாம் லாங்ஸ்டாஃப் என்ற ஆங்கிலேய வைத்தியர், புரோசெரல் சகோதரர் என்னும் இத்தாலிய வழிகாட்டிகள் இருவரோடு அதில் ஏறும்போது, அவர்கள் நின்ற பனியே பெயர்ந்து மூவரையும் சுமார் 3,000 அடிக்குக் கீழே கொண்டுபோய்த் தள்ளிற்று. மூவரும் பிழைத்தார்கள். மறுநாள் மீண்டும் ஏறவும் தொடங்கினார்கள்! இத்தகைய அதிருஷ்டம் எல்லோருக்கும் வாய்ப்பதன்று. பத்தாண்டுகளுக்கு முன்பு, 1895இல், நங்க பர்வதத்தில் மம்மரி என்ற புகழ்பெற்ற மலையேறியும், அவரோடு சென்ற ரகோபீர், கோமன் சிங் என்ற கூர்க்கா வீரர் இருவரும் திரும்பி வரவே இல்லை. பனிச்சரிவே அவர்களைக் கொண்டுபோயிருக்க வேண்டுமென்று அக்காலத்தார் முடிவு செய்தார்கள்.

மார்கழி விடியலில் புல்நுனியில் நின்று, வெயில் ஏறுமுன் மறைந்துவிடும் ஈரத்தையே பனியென்று அறிந்து வளர்ந்த நம்மவர்க்குப் பனிச்சரிவின் இயல்பைச் சற்று விரித்துச் சொல்லவேண்டியிருக்கிறது. மலையுச்சியில் அளவுக்கு மீறிச் சேர்ந்த பனி, பாரம் தாங்காமல் ஒருநாள் தற்செயலாக விழுகிறது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அவ்விழுகைக்குக் காரணமானது பல சமயங்களில் சில நாட்களுக்கோ சில வாரங்களுக்கோ முன்பே அச்சரிவினுள் உருவாகிவிடுகிறது. குளிர்காலம் முழுவதும் விழும் பனி ஒரே பொருளாகக் கலந்துவிடுவதில்லை. ஒவ்வொரு புயலும் தன் அடுக்கைத் தனியாக விட்டுச் செல்கிறது. இடையிலே வெயில் காய்ந்தால் மேற்பரப்பு உருகி மறுபடி உறைந்து ஓடாகிறது. மேகமற்ற இரவில் மேற்பரப்பிலேயே இறகு போன்ற உறைபனி முளைக்கிறது. காற்று வீசினால் ஒருபக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில் கெட்டியான பாளமாகப் படிய வைக்கிறது. எல்லாவற்றுக்கும் அடியில் நடப்பதுதான் மிகவும் வஞ்சகமானது. நிலம் உறைநிலைக்கு அருகிலேயே வெம்மை காத்துக் கிடக்க, மேலே வானம் கடுங்குளிராக இருந்தால், கீழிருந்து நீராவி மெல்ல மேலேறி, நெருங்கிப் பிணைந்திருந்த பனித்துகள்களைக் கோப்பை வடிவான பெரும் படிகங்களாக மாற்றிவிடுகிறது. ஒரு மீட்டர் ஆழத்துக்குப் பத்து டிகிரிக்குமேல் வெப்பவேற்றுமை இருந்தால் இம்மாற்றம் விரைந்து நடைபெறும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. இப்படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. சரிவான களத்தில் கேழ்வரகைப் பரப்பி அதன்மேல் கனத்த பலகையை வைத்ததற்கு ஒப்பான நிலை அது. பலகை நிற்கும்வரை நிற்கும், ஒரு மனிதன் ஏறி நின்றால் எல்லாம் சேர்ந்து வழுகும்.

சரிவின் கோணமும் இதில் முக்கியம். இருபத்தைந்து பாகைக்குக் குறைந்த சரிவில் பனி பெரும்பாலும் அசையாது. ஐம்பதுக்கு மேற்பட்டதில் பெருமளவு தங்குவதே இல்லை, அவ்வப்போது உதிர்ந்துவிடும். முப்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் இடைப்பட்ட சரிவே ஆபத்தானது. ஏறுவதற்கு வசதியாகத் தோன்றுவதும் அதுவே என்பது மலையின் குரூரம். பனியின் திடத்தைச் சோதிக்க இக்காலத்தார் கையாளும் முறை எளிமையானது: சரிவிலே குழி வெட்டி அடுக்குகளை எண்ணிப் பார்க்கிறார்கள், ஒரு முழத்துக்குக் குறைந்த சதுரத் தூணாகப் பனியைத் தனித்து வெட்டி, அதன்மேல் மண்வெட்டியின் தகட்டை வைத்து, மணிக்கட்டிலிருந்து பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என்று தட்டுகிறார்கள், எத்தனையாவது தட்டில் எந்த அடுக்கு நழுவுகிறது என்பதைக் குறித்துக்கொள்கிறார்கள். சில நேரங்களில் அவ்வளவு சிரமமும் வேண்டியதில்லை. நடக்கும்போதே காலடியில் 'தும்' என்ற சப்தத்தோடு பனி ஒருமுறை அமிழுமானால், அடியிலுள்ள அடுக்கு முறிந்துவிட்டது என்று அர்த்தம். அதைக் கேட்டபின்னும் முன்னேறுகிறவனுக்குச் சொல்ல வேறு புத்தி இல்லை.

இந்த ஞானம் முதலில் வளர்ந்தது ஆல்ப்ஸ் மலையில். சுவிட்சர்லாந்தின் ஆண்டர்மாட் கிராமத்தார் தங்கள் ஊருக்கு மேலேயுள்ள காட்டில் மரம் வெட்டக்கூடாதென்று 1397ஆம் ஆண்டிலேயே கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். மரங்கள் பனியைப் பிடித்து நிறுத்தும் என்பதை அவர்கள் பாட்டன் பூட்டன் காலத்து இழப்புகளிலிருந்து அறிந்திருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யோஹான் கோவாஸ் என்ற வன அதிகாரி பனிச்சரிவுகளின் வழிகளை ஆராய்ந்து 1881இல் ஒரு நூல் வெளியிட்டார். 1916 டிசம்பர் 13 அன்று, முதல் உலகயுத்தத்தின் நடுவே, மார்மோலாடா மலையின்கீழ் இருந்த ஆஸ்திரியப் படைவீடு ஒன்றின்மேல் பனி சரிந்து ஏறத்தாழ 270 வீரர்களை மாய்த்தது. 1936இல் தாவோஸ் நகருக்கு மேலே வைஸ்ஃப்ளூயோக் என்னுமிடத்தில் ஒரு மரக்கொட்டகையில் தொடங்கிய ஆராய்ச்சி, 1942இல் தனி நிலையமாயிற்று. இவையெல்லாம் ஐரோப்பியர் தம் சொந்த ஊரைக் காத்துக்கொள்ளச் செய்த முயற்சிகள். இமயத்துக்கு அவர்கள் வந்தபோது தம் ஊர்ப் பனியின் அனுபவத்தை மாத்திரமே கொண்டுவந்தார்கள். பருவமழைக்காலத்துப் பனியின் குணம் அவர்களுக்குப் பழக்கமில்லை. அதைக் கற்றுக்கொண்ட செலவைப் பெரும்பாலும் செலுத்தியவர்கள், அவர்களுடைய சுமையைத் தூக்கிய ஷெர்ப்பாக்கள்.

1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் யாத்திரையின் கதையை நான் நின்று சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் அதில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பாத்தியதை உண்டு. ஜெனரல் புரூஸ் தலைமையில் சென்ற அக்குழு மே மாதத்தில் இருமுறை முயன்று, 27,300 அடிவரை எட்டித் திரும்பியிருந்தது. ஜூன் மாதம் பிறந்ததும் பருவமழையின் முதல் மேகங்கள் வந்து மலையெங்கும் புதுப்பனியைக் கொட்டின. அத்துடன் நிறுத்திக்கொண்டிருக்கலாம். ஆயினும் மூன்றாம் முறை முயல்வது என்று தீர்மானித்து, ஜூன் 7 அன்று காலை ஜார்ஜ் மலோரி, ஹோவார்ட் சாமர்வெல், கிராஃபோர்டு என்ற மூன்று ஆங்கிலேயரும் பதினான்கு சுமைதூக்கிகளும் வடகணவாயின் சரிவில் ஏறத் தொடங்கினார்கள். சரிவின் செங்குத்தான ஓரிடத்தில் பனியைப் பெயர்க்க முயன்று பார்த்தார்கள், அது பெயரவில்லை. ஆகவே பத்திரம் என்று முடிவுகட்டினார்கள். ஓரிடத்தில் உறுதியாயிருக்கும் பனி பத்தடி தள்ளி உறுதியற்றிருக்கலாம் என்னும் பாடம் அன்று அவர்களுக்குத் தெரியவில்லை.

மதியம் சுமார் ஒன்றரை மணிக்கு வெடிமருந்து வெடித்தாற்போல ஒரு சப்தம் கேட்டது. முன்கயிற்றில் இருந்த ஆங்கிலேயரும் ஒரு ஷெர்ப்பாவும் பனியோடு சற்றுத் தூரம் இழுபட்டு நின்றுவிட்டார்கள். பின்னால் வந்த கயிறுகளில் ஒன்பது பேர் பனிச்சுவரொன்றின் விளிம்பைத் தாண்டிக் கீழேயிருந்த பிளவில் விழுந்து, மேலே பனியால் மூடப்பட்டார்கள். இருவரை உயிரோடு எடுக்க முடிந்தது. ஏழு பேர் மாண்டார்கள். எஞ்சிய ஷெர்ப்பாக்களின் விருப்பப்படி உடல்களை மலையிலேயே விட்டு, மூன்றாம் முகாமில் கற்குவியல் எழுப்பி நினைவுச் சின்னமாக்கினார்கள். பனியின் நிலையைத் தாம் இன்னும் அறிந்திருந்தால் இது நேர்ந்திராது என்று மலோரி கடிதங்களில் வருந்தினார். சாமர்வெல்லை வாட்டியது வேறொரு நினைவு: இறந்தவர் அனைவரும் ஷெர்ப்பாக்கள், தங்களில் ஒருவர்கூட அந்த விதியில் பங்குகொள்ளவில்லையே என்பதுதான் அது. மலையேறிகளின் நூல்களில் வீரம், அழகு, தத்துவம் எல்லாம் ஏராளம். இப்படிப்பட்ட வெட்கத்தை ஒளிக்காமல் எழுதியவர்கள் சிலரே.

யாத்திரை முடிந்ததும் சாமர்வெல் நேரே ஊர் திரும்பவில்லை. கையில் கொஞ்சம் பணத்தோடு இந்தியாவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு தெற்கே வந்தவர், அப்போது திருவிதாங்கூரில் இருந்ததும் 1956இல் தமிழ்நாட்டோடு சேர்ந்ததுமான கன்னியாகுமரிச் சீமையில், நெய்யூர் என்னும் ஊரிலுள்ள லண்டன் மிஷன் ஆஸ்பத்திரிக்குச் சென்றார். அங்கே காத்துக்கிடந்த நோயாளிகளின் கூட்டத்தையும், அவர்களுக்கு ஈடுகொடுக்க முடியாமல் தவித்த ஒரே சத்திரவைத்தியரையும் கண்டார். லண்டனில் சத்திரவைத்தியராகத் தமக்குக் காத்திருந்த செல்வாக்கான தொழிலைத் துறந்து நெய்யூருக்கே வந்துவிட்டார். வயிற்றுப்புண்ணுக்கு அவர் செய்த அறுவைகள் பெயர் பெற்றவை. 1949க்குப் பின்னர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்து 1961வரை தமிழ்நாட்டிலேயே உழைத்தார். நம் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஜனங்கள் பெரிய வியாதி வந்தால் இன்றும் வேலூருக்குத்தானே வண்டியேறுகிறார்கள்! அங்கே கத்தி பிடித்த ஒரு கிழவர் எவரெஸ்ட் சரிவில் புதையாமல் தப்பியவர் என்பது அவர்களுடைய முன்னோரில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

ஆனால் அவர் நெய்யூரில் நிலைகொண்ட பிறகும் ஒருமுறை அந்தச் சரிவுக்குத் திரும்பினார். 1924 யாத்திரையில், மே மாதக் கடும்புயலில், வடகணவாயின் மேல்முகாமில் சுமைதூக்கிகள் நால்வர் தனியே சிக்கிக்கொண்டார்கள். சிகரத்தை எட்டும் வாய்ப்பையே பணயம் வைத்து அவர்களை மீட்பது என்று தலைவர் நார்ட்டன் தீர்மானித்தார். நார்ட்டனும் மலோரியும் சாமர்வெல்லும் ஏறினார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஏழு பேரைக் கொன்ற கணவாயின் பனி மீண்டும் அதே தன்மையில் இருந்தது. கயிற்றைக் கட்டிக்கொண்டு, எந்த நிமிஷமும் பெயரக்கூடிய அச்சரிவைக் குறுக்கே கடக்க முன்சென்றவர் சாமர்வெல். அவர்களை எட்டுவதற்குச் சில கஜ தூரம் இருக்கும்போதே கயிறு தீர்ந்துவிட்டது. நால்வரில் இருவர் எப்படியோ அவரிடம் வந்து சேர்ந்தார்கள். மற்ற இருவரும் சேர்ந்து புறப்பட்டபோது காலடிப் பனி வழுகி, சறுக்கிச் சென்று விளிம்புக்கு அருகே நின்றார்கள். சாமர்வெல் தம் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். பனிக்கோடரியைச் சரிவில் ஆழ ஊன்றிக் கயிற்றை அதில் சுற்றினார். ஒரு கையால் கயிற்றின் நுனியைப் பற்றிக்கொண்டு, மறுகையை நீட்டி ஒவ்வொருவராகப் பிடரியைப் பிடித்து இழுத்துக்கொண்டார். நால்வரும் உயிரோடு கீழே இறங்கினார்கள். சில நாட்களுக்குப் பின் அவர் ஆக்ஸிஜன் இன்றி 28,000 அடிவரை ஏறியதைப் பலர் பாராட்டுகிறார்கள். எனக்கு அந்தக் கஜக்கணக்கான குறுக்குப் பாதையே பெரிதாகப் படுகிறது.

இப்படி ஒருவர் கற்ற பாடத்தை மற்றவர் உடனே ஏற்றுக்கொண்டதாகச் சரித்திரம் சொல்லவில்லை. 1937 ஜூன் மாதத்து இரவொன்றில் நங்க பர்வதத்தின் நாலாம் முகாம் முழுவதும் பனிச்சரிவின்கீழ் அமிழ்ந்தது. கூடாரங்களில் உறங்கிய ஏழு ஜெர்மானியரும் ஒன்பது ஷெர்ப்பாக்களும் இறந்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பின், 1962ஆம் ஆண்டுச் சீன யுத்தத்தின் விளைவாகப் பெரும்படைகள் குளிர்காலத்திலும் மலையுச்சிகளில் தங்கவேண்டி வந்தபோதுதான், பனியை ஆராய வேண்டிய அவசியத்தை நம் அரசாங்கம் நன்கு உணர்ந்தது. பனி மற்றும் பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையம் 1969இல் மணாலியில் ஏற்பட்டது. இமயத்தின் பனி ஒரே இனத்தது அன்று என்பதை அதன் விஞ்ஞானிகள் வரையறுத்தார்கள்: பீர் பாஞ்சால் தொடரில் ஈரமும் கனமும் மிக்க பனி, நடுவிலுள்ள பேரிமயத்தில் அதனினும் குளிர்ந்தது, காரகோரத்தில் காற்றால் அலைக்கப்படும் உலர்ந்த பனி, அடுக்குகளின் உட்சிதைவு அங்கேதான் மிகுதி. அறிவு வளர்ந்தது, மரணம் நின்றுவிடவில்லை. 1979 மார்ச்சில் லாஹூல் பள்ளத்தாக்கில் ஐந்து நாள் விடாது கொட்டிய பனி சரிந்து இருநூறு பேருக்கு மேல் மாண்டார்கள். 2005 பிப்ரவரியில் காஷ்மீரத்தின் வால்டெங்கு நாட் என்ற ஊரில் நூற்றுக்கு மேற்பட்டோர் புதைந்தார்கள். 2020இல் திறந்த ஒன்பது கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதையால் லாஹூலுக்குச் செல்வோர் இப்போது ரோதங் கணவாயின் பனிக்கு அடியிலேயே கடந்துவிடுகிறார்கள். அதே ஆண்டில் மணாலியில் பிறந்த அந்த நிலையமும் வேறோர் ஆராய்ச்சிச் சாலையோடு இணைக்கப்பட்டுப் புதுப்பெயர் பெற்றது.

சாலைக்குச் சுரங்கம் வெட்டலாம். எல்லைக்காவலுக்கு என்ன செய்வது? 1949இல் கராச்சியில் இந்திய, பாகிஸ்தானிய அதிகாரிகள் போர்நிறுத்தக் கோட்டை வரைந்தபோது, என்.ஜே. 9842 என்று பின்னர்க் குறிக்கப்பட்ட புள்ளிக்கு அப்பால் கோடு வடக்கே பனியாறுகளை நோக்கிச் செல்லும் என்று மாத்திரம் எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். அங்கே மனிதன் நின்று காவல் காப்பான் என்று அவர்கள் நினைக்கவில்லை. 1972இல் சிம்லா உடன்படிக்கைக்குப் பின் வரைந்த கோடும் அங்கேயே நின்றது. எழுதாமல் விட்ட அந்த ஒற்றை வரியின் பயனாக 1984 ஏப்ரல் 13 அன்று நம் படை சியாச்சின் பனியாற்றில் இறங்கியது. அன்றுமுதல் இருதரப்பாரும் அங்கே நிற்கிறார்கள். 2003 நவம்பரில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. பனி ஓயவில்லை. 2012 ஏப்ரல் 7 அன்று கயாரி முகாமில் பாகிஸ்தான் தரப்பில் 140 பேர் ஒரே சரிவில் மூடப்பட்டார்கள்.

2016 பிப்ரவரி 3 அன்று சோனம் காவல்நிலையில், ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில், மதராஸ் ரெஜிமெண்டின் 19ஆம் பட்டாளத்தைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்தார்கள். வேலூர், மதுரை, தேனி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து ஒவ்வொருவராக நான்கு தமிழர் அவர்களில் இருந்தனர். பனியில் புதைந்தவன் முதல் கால்மணி நேரத்துக்குள் தோண்டி எடுக்கப்பட்டால் பெரும்பாலும் பிழைப்பான், அரைமணி கடந்தால் நம்பிக்கை வெகுவாய்க் குறைந்துவிடும் என்பது வைத்தியர்கள் கண்ட கணக்கு. கன்னட நாட்டு லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும் அக்கணக்கைப் பொய்யாக்கி, பனிக்கடியில் ஆறு நாள் உயிர் தாங்கிக் கிடந்து மீட்கப்பட்டு, பிப்ரவரி 11 அன்று டில்லி ஆஸ்பத்திரியில் இறந்தார். தாம் நிற்கும் சரிவைத் தாமே தேர்ந்துகொள்ளும் சுதந்திரம், 1922இல் மலோரியின் பின்னால் ஏறிய பதினால்வருக்கு இருந்ததைக் காட்டிலும் இவர்களுக்கு அதிகம் இருந்ததாகச் சொல்ல முடியாது. பனியின் அடுக்குகளைக் குழிவெட்டிப் பார்த்து முன்னறிவிப்புச் செய்யும் விஞ்ஞானம் இருக்கிறது. காவல்நிலை எங்கே இருக்கவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அந்த விஞ்ஞானம் அன்று.

2019 நவம்பர் 18 அன்று சியாச்சினின் வடபகுதியில் மீண்டும் பனி சரிந்தது. அகப்பட்ட எண்மரில் அறுவர் இறந்தார்கள். அவர்களில் நால்வர் போர்வீரர், இருவர் சுமைதூக்கிகள்.